புள்ளிக்கு மாடி தெரியாது

ஏனுங்க தம்பி, இந்தக் கடையில போன் பாக்கறது நீங்க ஒருத்தருதானுங்களா? வேற யாராச்சும் இருக்காங்களா? சரி, அப்ப நீங்கதான். இந்தாங்க, இந்தப் போனைப் பாருங்க. கவர்ல ஒட்டியிருக்கற சீட்டைக் கிழிச்சுறாதீங்க, ஸ்டேசன்ல ஒட்டுனது. நேத்துத்தான் கையெழுத்து வாங்கிக்கிட்டுத் திருப்பிக் குடுத்தாங்க.

ரிப்பேர் பண்ண வேண்டாமுங்க. கண்ணாடி கீறியிருக்குது, அது கெடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு சோலிதான். இதுல பேட்டரி ஏன் அப்படித் தீந்துச்சுன்னு பாத்து, கடை பேரு போட்ட காயிதத்துல எழுதிக் குடுக்கோணும். கையெழுத்து, சீலோட. அப்டேட் பண்ணுனதாலதான்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, என்ற மகளுக்குத் தெரியோணுமே.

மகள் பேரு தாரணி. கோயமுத்தூர்ல காலேஜு, ரெண்டாவது வருசம், ஆஸ்டல். லீவு விட்டா நம்ம ஊட்டுக்கு வருவா. இனி வருவாளான்னு தெரியல. காரியம் முடிஞ்ச மூணாம் நாளே உடுமலையில அவ மாமன் ஊட்டுக்குப் போயிட்டா. போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அம்மா போன் ஏன் செத்துச்சுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. வந்து உங்க வாயால சொல்லுங்க. அப்புறந்தான் உங்ககூடப் பேசறதா வேண்டாமான்னு பாப்பேன்"னா. அதோட சரி. நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. இருபத்தொம்பது நாளாச்சுங்க.

ஆமாங்க, இது என்ற சம்சாரத்தோட போனு. கலாமணி. செத்துப் போயிட்டா. பேப்பர்ல கூட ஓரத்துல போட்டிருந்தாங்களே, வாய்க்கா மேட்டு ரோட்டுல ஸ்கூட்டர் கவுந்து ஒரு பொம்பளைன்னு. அவதான்.

நீங்க சார்ஜுல போடுங்க. அது ஏறுறதுக்குள்ள நான் மொதல்லருந்து சொல்லிப்போடறேன். முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்கு எழுத வரும்.

நான் நார் மில்லுல எடை மேடையில இருக்கறேனுங்க. பேரு சென்னியப்பன். லாரி உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், பாரம் எவ்வளவு, எல்லாம் எழுதி வெக்கறது என்ற வேலை. பத்தொம்பது வருசமா அதே நாற்காலி. டிரைவரு வந்து டீ குடிச்சுட்டு வந்தேனும்பான். நேரத்தைப் பாத்தா ஊட்டுக்கே போயி ஒரு தூக்கம் போட்டு வந்திருப்பான். நான் யாரையும் திட்டறதில்லீங்க. நோட்டைத் திருப்பி நேரத்தைக் காமிப்பேன். அவனே தலையத் தொங்கப்போட்டுக்குவான். மனுசன் பொய் சொல்லுவான், நேரம் சொல்லாது.

கலாமணிக்கு லேப்புல வேலை. ஊடு ஊடாப் போயி ரத்தம் எடுத்துட்டு வரோணும். வெடியால அஞ்சரைக்கு ஸ்கூட்டரை எடுத்தா பதினோரு மணி வரைக்கும் சுத்து, பொழுதோட மறுபடி ரெண்டு மணி நேரம். யாரு ஊடு, எந்தத் தெரு, எல்லாம் போன்லதான் வரும். வேலைக்குப் போகக் கூடாதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அவளைக் கேட்டாலே சொல்லுவா. அதாவது, சொல்லியிருப்பா. ஆனா தினமும் பத்து ஊட்டுக்குள்ள போற வேலை பாருங்க. எந்த ஊட்டுல யாரு இருக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்கோசரந்தான் அந்த ஆப்பைப் போட்டேன்.

இருக்கற எடத்தைக் காமிக்கற ஆப்புங்க. அவ போன்ல பாத்தா கால்குலேட்டர் படம் மாதிரித்தான் இருக்கும். என்ற போன்ல மேப்புல ஒரு நீலப் புள்ளி வரும். எடை மேடையில போனை நிமுத்தி வெச்சுக்குவேன். லாரி ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். அவகிட்டச் சொல்லலைங்க. சொன்னா மனசு சங்கடப்படுவா. அவ நல்லதுக்குத்தான் பண்ணுனேன், அதையெதுக்குச் சொல்லிக்கிட்டு?

ரெண்டு வருசம் ஒரு தொந்தரவுமில்ல. தீவாளிக்கு முந்தின வாரம் அந்த அப்டேட் வந்துச்சு. அதுக்கு அப்புறந்தான் எல்லாக் கெரகமும். வெடியால நூறு பர்சன்ட்டோட போவா, பத்தரைக்கு இருபதுல நிக்கும். போன் கொதிக்குது, இடுப்புல வெச்சாச் சுடுதும்பா. ரத்தம் எடுக்க வேண்டிய ஊட்டுக்கு வழி தெரியாம நிப்பா. வெறும் வயித்தோட காத்திருக்கற சர்க்கரைக்காரங்க லேப்புக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவாங்க. லேப்புல இவளைச் சத்தம் போடுவாங்க. ஒரு நாள் அழுதுக்கிட்டே வந்தா.

நான் சும்மா இருக்கலைங்க தம்பி. அதையும் காயிதத்துல எழுதுங்க. வெளிச்சத்தைக் கொறைச்சு வெச்சேன். பாட்டு, படம், விளையாட்டு, அவ தங்கச்சிகூட வீடியோவுல பேசறது, எல்லாத்தையும் அழிச்சேன். ரெண்டு தடவை போனை மொத்தமாத் தொடைச்சுப் புதுசு மாதிரி ஆக்குனேன். வேற ஒரு கடையில பேட்டரியும் மாத்துனேன். தம்பி, லீவு நாளெல்லாம் இதே வேலையா உக்காந்தேன். அவ பக்கத்துல உக்காந்து, "விடுங்க, நானே ஒரு கடையில காமிக்கறேன்"னா. கடைக்காரன் கையில எதுக்குக் குடுக்கோணும், உள்ள என்னென்ன இருக்குதோன்னு நான் விடல.

அந்த ஆப்பா? அதை ஒவ்வொரு தடவையும் மறுபடி போட்டுட்டேனுங்க. மொதல் வேலையா அதைத்தான் போட்டேன். அப்டேட்டுக்கு அப்புறம் அதுல ஒரு தொந்தரவு. போன் அதைத் தூங்க வெச்சுப்போடும். புள்ளி அங்கங்க நின்னுரும். அரை மணி நேரம் ஒரே எடத்துல நிக்கும், அப்புறம் திடீர்னு வேற தெருவுல இருக்கும். எனக்கு மேடையில இருப்புக் கொள்ளாது. வீடியோ பாத்து, அதை மட்டும் தூங்க விடாதேன்னு மாத்தி வெச்சேன். கால் மணிக்கு ஒருக்கா வந்துட்டிருந்ததை நிமிசத்துக்கு ஒருக்கான்னு ஆக்குனேன். அது சின்ன ஆப்புங்க, நாலஞ்சு எம்பிதான். அது என்ன பெருசாத் தின்னுரப் போகுது?

அப்புறம் பவர் பேங்க். அதையும் சொல்லிப்போடறேன், பின்னால யாராச்சும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. ஒரு நாள் அவ பையில புதுசா ஒரு பவர் பேங்க் இருந்துச்சு. எங்க வாங்குனேன்னு கேட்டேன். லேப்புல குடுத்தாங்கன்னா. லேப்புல யாருன்னேன். ஜெகதீசு குடுத்தாருன்னா. ரிப்போர்ட் அடிக்கற பையன். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூவாப் பொருளை ஒருத்தன் சும்மா எடுத்துக் குடுப்பானுங்களா? அவ ரெண்டு தடவை சொன்னா, எல்லாருக்கும் குடுத்தாங்க, பங்கு பிரிச்சுக் குடுத்தது அவருன்னு. நான் சத்தமே போடல. வாங்கிட்டுப் போயி மில்லுல என்ற மேஜைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். எழவுக்கு லேப்புப் பொம்பளைங்க நாலு பேரு வந்தாங்க. நாலு பேரு பையிலயும் அதே கறுப்பு பவர் பேங்க். அன்னிக்குத்தான் பாத்தேன். இன்னுங்கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேனுங்களா?

இனி அந்த நாளுக்கு வர்றேன். வெசாளக்கெழமை. பொழுதோட சுத்துக்குப் போனவ அஞ்சேகாலுக்கு எல்லாம் முடிச்சுட்டா. லேப்புல ரத்தத்தைக் குடுத்துட்டு நேரா ஊட்டுக்கு வரோணும். புள்ளி நேரா வரல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி, இந்தச் சந்துக்குள்ள வந்து, இதா இந்தக் கட்டடத்துல நின்னுச்சு. அஞ்சே முக்காலுக்குப் புள்ளி அணைஞ்சுபோச்சு. சார்ஜு தீந்து அணையலைங்க. மூணு பர்சன்ட் இருந்துச்சு, என்ற போன்ல அதுவும் காமிக்கும். கையால அணைச்சிருக்கா.

இந்தக் கட்டடத்துல என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும். கீழ உங்க கடை, மேல ரெண்டு மாடி லாட்ஜு. புள்ளிக்கு மாடி தெரியாதுங்களே. மேப்புல பெரிய எழுத்துல லாட்ஜு பேருதான் வருது. உங்க கடை பேரு கிட்டப் போயிப் பெருசு பண்ணுனாத்தான் வரும். நான் பெருசு பண்ணல. எந்தப் புருசனுக்கு அந்த நேரத்துல பெருசு பண்ணிப் பாக்கத் தோணும், சொல்லுங்க?

நான் நேரா ஊட்டுக்குப் போயி உக்காந்துட்டேன். கத்தல, ஓடல. வரட்டும், நேரத்தைக் காமிக்கலாம்னு உக்காந்திருந்தேன். கதவை உள்ள தாப்பாப் போட்டுட்டேன். தட்டட்டும், தட்டுனா இங்கிருந்தே கேக்கலாம்னு.

ஆறு அம்பத்திரண்டுக்குப் புள்ளி வந்துச்சு.

இங்கதான் தம்பி நீங்க கவனிக்கோணும். யாராச்சும் அந்த ஆப்பைக் கொறை சொல்லுவாங்க, ஆனா அது எப்படிப்பட்ட ஆப்புன்னு பாருங்க. மூணு பர்சன்ட்டுல இருந்த போனு. அவ மறுபடி ஆன் பண்ணியிருக்கா. போனு முழுசா எந்திரிக்கவே இல்ல. ஒரு நம்பர் போடறதுக்குக் கூட அதுக்குத் தெம்பில்லைன்னு போலீஸ்காரரு சொன்னாரு, டயல் பண்ணுனதுல ஒண்ணுமே இல்லையாம். ஆனா அந்த ஆப்பு மட்டும் எந்திரிச்சு என்ற போனுக்கு எடத்தைச் சொல்லிருச்சு. வாய்க்கா மேட்டு ரோடு, பாலத்துக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்பு ஓரம். ஒரு நிமிசம் நின்னுச்சு, அப்புறம் போயிருச்சு. கடைசி மூச்சுலயும் வேலை பாத்துச்சுங்க. அதையா கொறை சொல்றது?

என்ன கேக்கறீங்க?

இல்லீங்க. போகல.

ஏன் போகோணும்? ஊட்டுக்கு வர்ற வழிதானே அது. வந்துட்டிருக்கான்னு நெனைச்சேன். நம்ம ஊட்டுலருந்து நாலு கிலோமீட்டரு, வண்டியில பத்து நிமிசம். வந்துருவா, வரட்டும்னு இருந்தேன். ஏழேகாலாச்சு, வரல. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, பாலம் வரைக்கும் வந்துட்டு, என்னைய எப்படி ஏமாத்தறதுன்னு ரோசனை பண்ணிட்டுத் திரும்பிப் போயிட்டாளாட்ட இருக்குதுன்னு. ஏழரைக்குத் தாரணி ஆஸ்டல்லருந்து கூப்பிட்டா. "அம்மா போன் சுச் ஆஃப்னு வருதுப்பா, எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"ன்னா. எனக்கெப்படித் தெரியும், வருவா, நீ வெச்சுட்டுப் படின்னேன்.

மறுநாள் வெடியால தேங்கா பறிக்க வந்தவங்கதான் பாத்திருக்காங்க. வண்டி மேல, அவ கீழ சரிவுல. இடுப்பெலும்பு போயிருச்சு, எந்திரிக்க முடியாது. தலையில பெருசா அடி இல்லீங்க. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்குது. ரொம்ப நேரம் உசுரோட இருந்திருக்காங்கன்னு டாக்டரு சொன்னாரு. எவ்வளவு நேரம்னு நான் கேட்டேன். நேரம் கேக்கற பழக்கம் பாருங்க. அவரு என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, அதெல்லாம் எதுக்குன்னுட்டாரு. போன் கைக்குள்ள இருந்துச்சாம். வெரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்.

கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி.

என்ன, ஆனாயிருச்சுங்களா? அவ பொறந்த நாள்தான் லாக் நம்பரு, நாந்தான் வெச்சேன். பேட்டரிக் கணக்கு வருதுங்களா? படிங்க. வெளிச்சம் ஆறு. பேசுனது நாலு. மேப்பு ஒம்பது. அப்புறம் அப்டேட் எவ்வளவு? அப்டேட்டுன்னு தனியா வராதுங்களா? அப்ப மிச்சம்?

கால்குலேட்டர் எழுவத்தொண்ணு.

அது தப்பாக் காமிக்குதுங்க. நீங்க அணைச்சுப்போட்டு இன்னொருக்கா பாருங்க. அப்டேட்தானே அதைத் தூங்க வெக்கப் பாத்துச்சு? அப்டேட் அப்படிப் பண்ணாட்டி நான் எதுக்கு அதை மாத்தறேன்? அப்ப மூலக் காரணம் அப்டேட்தானுங்களே. லாரியில எச்சாப் பாரம் ஏத்துனது ஒருத்தன், ரோட்டுல குழி வெட்டுனது ஒருத்தன்னா, அச்சு முறிஞ்சதுக்கு நாம குழியைத்தானே சொல்லுவோம்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஞாபகம் இருக்குதுங்களா? அவளையா? நீல ஸ்கூட்டரு, ஆமா. கையில ஐஸ் டப்பா, ரத்தம் வெக்கற டப்பா, ஆமாங்க. இங்கயேதான் உக்காந்திருந்தாளா? இந்த ஸ்டூல்லயா?

சொல்லுங்க. என்ன சொன்னான்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் சண்டைக்கு வரல.

பேட்டரி நல்லாத்தான் இருக்குதுக்கா, இந்தக் கால்குலேட்டர் கால்குலேட்டரே இல்லைன்னு நீங்க சொன்னீங்க. சரி. ஒரே நிமிசம், எடுத்துப்போட்டா போன் பழையபடி ஆயிரும்னீங்க. சரி. அவ என்ன சொன்னா? அய்யோ இதை யாரு போட்டாங்கன்னு கேட்டிருப்பா.

கேக்கலையா?

தெரியும்னாளா? ஒரு வருசத்துக்கு மேல தெரியும்னா சொன்னா? சிரிச்சுக்கிட்டா?

மெதுவாச் சொல்லுங்க தம்பி. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

"எடுக்காதே சாமி. அந்தப் புள்ளி நின்னுச்சுன்னா அவரு பாதிச் சோத்துல எந்திரிச்சு என்னையத் தேடி வந்துருவாரு."

அப்படியேவா சொன்னா? தேடி வந்துருவாருன்னா?

அப்புறம் அரை மணி நேரம் சார்ஜு போட்டுட்டுப் போங்கக்கான்னு நீங்க சொல்லியிருக்கீங்க. நேரமாச்சு, ஊட்டுல கேப்பாங்கன்னிருக்கா. இருக்கற மூணு பர்சன்ட்டு ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்னு அணைச்சு வெச்சுக்கிட்டா. இதா, இந்த மேஜை மேல வெச்சுத்தான் அணைச்சாளா. நல்ல வேளை, நீங்க இருந்து பாத்தீங்க. பாத்த சாட்சி நீங்க ஒருத்தருதான்.

அப்ப நீங்களாச்சும் அதை எடுத்துப்போட்டிருக்கக் கூடாதுங்களா? அவ வேண்டாம்னா நீங்க விட்டுருவீங்களா? தெரிஞ்ச வேலைக்காரரு, ஒரு நிமிச வேலை. உங்க மேலயும் இருக்குது தம்பி இதுல. இல்ல, இல்ல, சும்மா சொன்னேன். போனை உள்ள வெக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். அவ தெரியும்னு சொன்னது, எடுக்காதேன்னது, அப்புறம் நான் இப்ப உங்ககிட்டச் சொன்னேனே, ஆறு அம்பத்திரண்டு, அது. எம்மக சின்னப் பொண்ணு. அவளுக்கு அப்டேட்டுன்னு ஒரு காயிதம் போதும். நான் கொண்டு போயிக் குடுத்து, இதா பாரு கண்ணு, கடைக்காரரே எழுதிக் குடுத்துட்டாருன்னு சொன்னா, அவ ஊட்டுக்கு வந்துருவா. ஊட்டுல யாருமில்லீங்க. சோறாக்கத் தெரியாம நான் மில்லு கேன்டீன்ல திங்கறேன்.

என்ன?

எப்ப?

செவ்வாக்கெழமை தாரணி இங்க வந்தாளா? எப்படி வந்தா? அம்மா பையில உங்க கடைச் சீட்டு இருந்துச்சா. நான் அந்தப் பையைப் பிரிச்சே பாக்கல. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா? ஆப்பு, அம்மா பேசுனது, எல்லாம்?

கேட்டா சொல்லாம என்ன பண்றது. சரிதானுங்க.

வேறென்ன கேட்டா? ஏதோ போட்டோ காமிச்சாளா? ஸ்டேசன்ல போனை ஆன் பண்ணிப் பாத்தப்பவே எடுத்து வெச்சிருந்தாளா? எழவன்னிக்கேவா?

கால்குலேட்டருக்குள்ள இருக்கற, எடமும் நேரமும் அனுப்புன லிஸ்ட்டுங்களா. கடைசி வரி என்ன நேரம்னு இருந்துச்சு?

ஆமாங்க. அதேதான்.

இது எங்கப்பா போனுக்குப் போயிருக்குமான்னு கேட்டாளா. போயிருக்கும்னு சொன்னீங்க. பாத்திருப்பாரான்னு கேட்டாளா. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? நீங்க சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சா. பக்கத்துலயே பச்சைக் குறி இருந்துச்சா, பாத்தாச்சுன்னு. அப்படியொரு குறி வரும்னு எனக்குத் தெரியாதுங்க. என்ற போன்ல அது வராது. அவ போன்லதான் வரும் போல.

அழுதாளா?

இல்லையா. தேங்க்ஸ்ணான்னு சொல்லிட்டுப் போயிட்டாளா. சரி.

அப்ப அவளுக்கு ஒண்ணு விடாமத் தெரியும். அப்படியிருந்துந்தான் நேத்துக் காத்தால மாமன்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கா, அப்பா போயி விசாரிச்சுட்டாரான்னு. நான் வந்து என்ன சொல்றேன்னு பாக்கறதுக்கு.

நீங்க பேனாவைக் கீழ வெக்காதீங்க தம்பி. நான் இவ்வளவு தூரம் வந்திருக்கறேன், எழுதுங்க. இன்னிக்குத் தேதி போடுங்க. மேற்படி கலாமணி என்பவரின் கைபேசி. ஆமா, அவ பேரையே போடுங்க. மேற்படி கைபேசியில் பேட்டரி விரைவாகத் தீர்ந்ததற்குக் காரணம். அதுக்கு அடியில ஒரே ஒரு வார்த்தை எழுதுனாப் போதும்.

இல்லீங்க, அவளுக்கில்ல. இதைத் தூக்கிக்கிட்டு அவ முன்னாடி போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. எனக்குத்தான். ஊட்டுல வெச்சுக்கறேன். வெடியால எந்திரிச்சாப் படிக்கறதுக்கு எனக்கும் ஏதாச்சும் ஒண்ணு வேணுமுங்களே. எழுதுங்க தம்பி, அப்டேட்டுன்னே எழுதுங்க.